கிரேட் பிரிட்டிஷ் ரயில்வேஸை வடிவமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

பிரிட்டனில் சிதறிக் கிடக்கும் ரயில் சேவைகளை, கிரேட் பிரிட்டிஷ் ரயில்வேஸ் என்ற ஒரே அரசு நிறுவனத்தின் குடையின் கீழ் கொண்டுவரும் உங்கள் வேலையை முழுமனதோடு வரவேற்கிறேன். 2025 மே மாதம் சவுத் வெஸ்டர்ன் ரயில்வே தனியாரிடமிருந்து அரசின் கைக்குத் திரும்பியபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் சின்ன ரயில்வேக்களைப் பெரியவற்றில் கரைப்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. முன்பு நடந்ததில் ஒரு சிறு பகுதியை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

1921-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுமார் 120 ரயில் கம்பெனிகள், 1923 ஜனவரி 1 முதல் நான்கு பெரிய கம்பெனிகளாயின. அன்றைய போக்குவரத்து அமைச்சர் எரிக் கெடஸ் காரணமில்லாமல் அதைச் செய்யவில்லை. ஒரு கம்பெனியின் வேகன் இன்னொன்றின் தண்டவாளத்தில் ஓடினால் யாருக்கு எவ்வளவு என்று கணக்குத் தீர்க்கவே, 1842 முதல் லண்டனில் கிளியரிங் ஹவுஸ் என்று தனி நிறுவனம் இருந்தது. அதன் ஆட்கள் சந்திப்பு நிலையங்களில் நோட்டும் பென்சிலுமாக நின்று, கடந்துபோகும் வேகன்களின் எண்களை ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். அந்த வீண் உழைப்பு குறைய வேண்டியதுதான்.

இனி தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்துக்கு வாருங்கள். லிண்டன் - பார்ன்ஸ்டேபிள் ரயில்வே 1898-இல் திறந்தது. சுமார் 19 மைல் நீளம்; தண்டவாளங்களுக்கு இடையே இரண்டடிகூட இல்லை. யோ, எக்ஸ், டா, லின் என்று இன்ஜின்களுக்கு அந்தப் பக்கத்து ஆறுகளின் பெயர்கள். கம்பெனித் தலைவர் ஜார்ஜ் நியூன்ஸுக்கு லிண்டனிலேயே வீடு இருந்தது. குறை சொல்ல வேண்டுமானால் ஊர்க்காரர் அவர் வீட்டுப் படியேறலாம்.

1923-இல் அது, அந்த நான்கு பெரிய கம்பெனிகளில் ஒன்றான சதர்ன் ரயில்வேக்குப் போனது. புது முதலாளி அதைக் கைவிட்டுவிடவில்லை; 1925-இல் லியூ என்ற ஐந்தாவது இன்ஜினையே வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் பஸ்ஸும் காரும் பயணிகளை இழுத்துக்கொண்டன. லண்டனில் இருந்தவர்களின் கணக்கில் அது நஷ்டம் காட்டும் ஒரு வரி. 1935 செப்டம்பர் 29 அன்று கடைசி ரயில் ஓடியது. நவம்பரில் எல்லாம் ஏலம் போனது. லியூ கப்பலேறி பிரேசில் போய்விட்டது. பார்ன்ஸ்டேபிள் நிலையத்தில் பாதை முடியும் கட்டையின் மேல் யாரோ அன்போடு ஒரு மலர்வளையம் வைத்தார்கள். அதில், 'சாகவில்லை, உறங்குகிறது போலும்' என்ற பொருளில் ஒரு வாசகம்.

அந்தக் கணக்கு தவறு என்று நான் சொல்லவில்லை. முடிவெடுத்தவர்களுக்கும் அந்த ஊருக்கும் நடுவே ஒரு படிக்கட்டுகூட இல்லாமல் போனதே, அதுதான் என்னை வருத்துகிறது. 2004 முதல் அந்தப் பழைய பாதையின் உட்டி பே நிலையத்தில் தன்னார்வலர்கள் ஒரு மைல் அளவுக்கு அதை மீண்டும் ஓட்டுகிறார்கள். ஒரு மைலுக்கே எத்தனை பேரின் எத்தனை ஆண்டு உழைப்பு! மூடியதைத் திறப்பது அவ்வளவு கடினம்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். உங்கள் தலைமையகம் டெர்பி நகரில் இருக்கட்டும். ஒவ்வொரு கிளைப்பாதைக்கும் அந்த வட்டாரத்திலேயே குடியிருக்கும் ஓர் அதிகாரியைப் பொறுப்பாக்குங்கள். அவர் பெயரை நிலையப் பலகையில் எழுதுங்கள். வரவு செலவை ஆண்டுதோறும் அங்கேயே ஒட்டுங்கள். சேவையைக் குறைக்க எண்ணினால், அந்தப் பாதையிலுள்ள ஊர் ஒன்றில், மக்கள் அந்த ரயிலிலேயே வந்து திரும்பக்கூடிய நேரத்தில் கூட்டம் போட்டுக் கேளுங்கள்.

அன்புடன்,
தினமும் ரயிலில் போகும் ஒருவன்