ஒரு நேயர் விருப்பம்: அமெரிக்க கன்ட்ரி வானொலிகளுக்குத் திறந்த மடல்

அமெரிக்க கன்ட்ரி வானொலி நிலையங்களில் பாட்டுப் பட்டியல் போடுகிறவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதம் தமிழில் இருப்பதால் உங்களில் ஒருவரும் படிக்கப்போவதில்லை என்று தெரியும். பரவாயில்லை. எங்கள் ஊரில் நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை போட்டவர்கள் எல்லாரும் அதை நிலையத்தில் யாராவது படிப்பார்கள் என்று நம்பியா போட்டோம்? மனசு கேட்காமல் போட்டோம். இதுவும் அப்படி ஒரு அட்டைதான், கொஞ்சம் நீளம். என் விருப்பப் பாட்டைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், அமெரிக்கக் கிராமப்புற இசையான கன்ட்ரியின் பாடகி லோரெட்டா லின்னைப் பற்றிப் பேச வேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படிக்கும் எங்கள் ஆட்களுக்காகச் சொல்கிறேன்.

1932இல் கென்டக்கி மாநிலத்தின் புட்சர் ஹாலோ என்ற மலைச்சந்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவதாகப் பிறந்தவர். பதினைந்து வயதில் கல்யாணம். கணவர் ஆலிவர் லின். பட்டப்பெயர் டூலிட்டில், சுருக்கமாக டூ. பிழைப்புக்காக நாட்டின் மறுகோடியில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்துக்குப் போனார்கள். இருபது வயதுக்குள் நாலு குழந்தைகள். வீட்டு வேலைக்கு நடுவே இவர் முணுமுணுத்துப் பாடுவதைக் கேட்ட டூ, 1953இல் 17 டாலருக்கு ஒரு கிதார் வாங்கிக் கொடுத்தார். யாரிடமும் பாடம் கேட்காமல் தானாகவே வாசிக்கப் பழகிக்கொண்டார் லோரெட்டா.

1960இல் ஒரு சின்னஞ்சிறு கம்பெனி அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது. விளம்பரத்துக்குப் பணமில்லை. அதனால் புருஷனும் பெண்டாட்டியும் காரில் தட்டுகளை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வானொலி நிலையமாகக் கிளம்பினார்கள். தூக்கம் காரிலேயே, சாப்பாடு ரொட்டிக்குள் வைத்த இறைச்சித் துண்டு. இருந்த நல்ல உடுப்பு ஒன்றே ஒன்று. நிலையம் நெருங்கியதும் பின் சீட்டில் அதை மாட்டிக்கொண்டு, தட்டைக் கையில் பிடித்தபடி உள்ளே போவார் லோரெட்டா. முன்பின் தெரியாத, கென்டக்கி மலைப் பேச்சு மாறாத ஒரு பெண். இருந்தும் அறிவிப்பாளர்கள் தட்டைச் சுழலவிட்டார்கள். அந்தப் பாட்டு பில்போர்டு என்ற இசைப் பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் 14ஆம் இடம் வரை ஏறியது.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். அந்த 14ஆம் இடத்தைக் கொடுத்தது வேறு யாருமில்லை, உங்கள் தொழிலின் முன்னோர்கள்தான். அறிவிப்பாளருக்குப் பிடித்தால் பாட்டு ஒலிக்கும் என்கிற காலம் அது. 1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை நிலையம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. பாட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலையும் மெல்ல அந்தப் பெரிய நிறுவனங்களின் கைக்குப் போனது. இன்று ஒரு லோரெட்டா காரில் வந்து இறங்கினால், தட்டை வாங்கிக்கொள்ள நிலையத்தில் ஆள் இருப்பாரா என்பதே சந்தேகம்.

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம்: கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில், அங்கே கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற வானொலி நிகழ்ச்சியின் மேடை, பாடகி பாட்ஸி கிளைனின் நட்பு, டெக்கா இசைத்தட்டுக் கம்பெனி, தயாரிப்பாளர் ஓவன் பிராட்லியின் ஒலிப்பதிவுக் கூடம். 1967இல் முதல் முறையாகப் பட்டியலின் உச்சி. குடித்துவிட்டு நடுராத்திரி வீட்டுக்கு வரும் புருஷனை வாசலிலேயே நிறுத்திக் கேட்கிற பாட்டு அது. டூ குடிப்பவர், வேறு பெண்கள் பின்னால் போனவர். அவரோடு சண்டை போட்டுக்கொண்டே 1996இல் அவர் சாகும் வரை வாழ்ந்த லோரெட்டா, அந்தச் சண்டைகளையெல்லாம் பாட்டாக்கினார். 1972இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் தரும் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதை வாங்கிய முதல் பெண் அவர்தான்.

சரி, 1975க்கு வருவோம். உங்களோடு எனக்குள்ள வழக்கே அங்கேதான் தொடங்குகிறது. வருஷா வருஷம் பிள்ளை பெற்றுச் சலித்த ஒரு மனைவி, கருத்தடை மாத்திரை கைக்கு வந்த தெம்பில், இனி உன் கதை நடக்காது என்று கணவனைக் கேலி செய்கிற பாட்டு 'தி பில்'. பாடியவர் ஆறு பிள்ளைகளின் தாய். 1972இல் பதிவு செய்ததைக் கம்பெனியே மூன்று வருஷம் பயந்து பெட்டிக்குள் வைத்திருந்தது. வெளியே வந்ததும் நீங்கள் பயந்தீர்கள். பல நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. இத்தனைக்கும் 1967இல், துரோகம் செய்த மனைவியைக் கணவன் கத்தியோடு எதிர்கொள்வதாக போர்ட்டர் வாகனர் பாடிய பாட்டு உங்கள் பட்டியலில் 2ஆம் இடம் வரை போயிருந்தது. கத்தி பரவாயில்லை, மாத்திரைதான் ஆபத்து!

நீங்கள் தடுத்தும் அந்தப் பாட்டு கன்ட்ரி பட்டியலில் 5ஆம் இடத்துக்கு வந்தது. எல்லா இசைக்குமான ஹாட் 100 பட்டியலில் லோரெட்டா தனியாகப் பாடி எட்டிய மிக உயர்ந்த இடமும் அதே பாட்டால்தான். அரசாங்கத் துண்டுப் பிரசுரங்கள் சாதிக்காததை அந்தப் பாட்டு சாதித்துவிட்டது என்று கிராமத்து மருத்துவர்கள் தன்னைப் பாராட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார். பெண்கள் பாடினால் பெண்களே கேட்பதில்லை என்று சொல்வீர்களே, இந்தப் பாட்டைத் தூக்கிவிட்டவர்கள் யார்?

வயதானதும் நீங்கள் அவரை மறந்துபோனீர்கள். அவர் ஓயவில்லை. 2004இல், 72 வயதில், தன்னைவிட நாற்பது வயதுக்கு மேல் இளையவரான ராக் இசைக்காரர் ஜாக் வைட்டோடு சேர்ந்து 'வான் லியர் ரோஸ்' தொகுப்பைக் கொண்டுவந்தார். அப்பா வேலை பார்த்த சுரங்கத்தின் பெயர் அதில் இருக்கிறது. இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன, ஒன்று ஆண்டின் சிறந்த கன்ட்ரி தொகுப்புக்கு. உங்கள் நிலையங்களோ அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவே இல்லை. 2013இல் நாட்டின் அதிபர் கையால் சுதந்திரப் பதக்கம். 2017இல் பக்கவாதம், அடுத்த வருஷம் இடுப்பெலும்பு முறிவு. 2021இல், 88 வயதில், ஐம்பதாவது தொகுப்பு. 2022 அக்டோபர் 4 அன்று டென்னஸியில், ஹரிக்கேன் மில்ஸ் வீட்டில் காலமானார். முதல் தட்டிலிருந்து கடைசித் தொகுப்பு வரை அறுபத்தோரு வருஷம். அன்றைக்கு மட்டும் அவரை நினைத்துக்கொண்டீர்கள். இரங்கலுக்கு நேரம் ஒதுக்குவதில் எல்லா ஊர் வானொலியும் ஒன்றுபோலத்தான்.

இளைய பெண்களையாவது நல்லபடியாக நடத்துகிறீர்களா? 2015இல் உங்கள் ஆலோசகர் ஒருவர் கன்ட்ரி வானொலியை சாலட்டுக்கு ஒப்பிட்டார். ஆண்கள்தான் அதில் கீரை, பெண்கள் மேலே தூவுகிற தக்காளியாம். தக்காளி விலை ஏறினால் தலைப்புச் செய்தியாகிற ஊரிலிருந்து எழுதுகிறேன். இந்த உவமை எங்களிடம் எடுபடாது. 2018 டிசம்பரில் ஒரு வாரம், உங்கள் ஒலிபரப்புப் பட்டியலின் முதல் 20 இடங்களில் ஒரு பெண்கூட இல்லை. 1990இல் அந்தப் பட்டியல் தொடங்கியதிலிருந்து அப்படி நடந்ததே இல்லை. 2020 ஜனவரியில் மிச்சிகன் நிலையம் ஒன்று, அடுத்தடுத்து இரண்டு பெண் குரல்களைப் போட எங்களுக்கு அனுமதி இல்லை என்று ட்விட்டரில் வெளிப்படையாகவே எழுதியது. யார் போட்ட விதி என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறீர்கள். எழுதாத சட்டத்துக்கு எப்போதுமே ஆயுசு அதிகம்.

என் விருப்பத்துக்கு வந்துவிடுகிறேன். 1952இல் கிட்டி வெல்ஸ் என்ற பெண், கெட்டுப்போன பெண்களைப் பழிக்கும் ஓர் ஆணின் பாட்டுக்குப் பதில் பாட்டுப் பாடினார். அதையும் ஒரு பெரிய வானொலி வலையமைப்பு அப்போது தடை செய்தது. ஆனாலும் கன்ட்ரி பட்டியலின் உச்சிக்குத் தனியாகப் போன முதல் பெண் குரல் அது. காலையில் ஆட்கள் வேலைக்குக் கார் ஓட்டிப் போகும் நேரமாகப் பார்த்து, முதலில் அந்தப் பாட்டைப் போடுங்கள். அது முடிந்ததும், நடுவில் ஓர் ஆண் குரலையும் நுழைக்காமல், 'தி பில்'.

இப்படிக்கு,
தூரத்து நேயர் ஒருவர்