புதிய மாடலின் கையில் மிஞ்சுவது எவ்வளவு? மாடலிங் ஏஜென்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாடலிங் ஏஜென்சிகளை நடத்துவோருக்கும், அங்கே புதுமுகங்களைத் தேர்வு செய்வோருக்கும், வணக்கம்.

உங்கள் அலுவலகத்துக்கு வரும் புதியவர்கள் எல்லோரும் தவறாமல் கேட்பது, “இதில் நல்ல வருமானம் வருமா?” என்பதுதான். பதிலாக ஒரு நாள் சம்பளத்தைச் சொல்கிறீர்கள். அந்தத் தொகை பொய்யில்லை. ஆனால் அதில் என்னென்ன பிடித்தம் போகும், பணம் எப்போது கைக்கு வரும், மாதத்தில் எத்தனை நாள் அப்படிப்பட்ட வேலை இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கேட்டவரால் கணக்குப் போட முடியும். மாடல்களின் ஒப்பந்தங்களையும் கணக்குச் சீட்டுகளையும் தொடர்ந்து கையாண்டு வரும் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: கையெழுத்து வாங்குவதற்கு முன்பே இந்த மூன்றையும் எழுத்தில் கொடுங்கள்.

முதலில் கமிஷன். பரவலாக உள்ள வழக்கப்படி மாடலின் சம்பளத்தில் 20 சதவீதத்தை ஏஜென்சி எடுத்துக்கொள்கிறது. அதே சம்பளத்தின் மேல் இன்னொரு 20 சதவீதத்தைச் சேவைக் கட்டணமாக, மாடலை வேலைக்கு எடுக்கும் வாடிக்கையாளரிடமும் வாங்குகிறது. சம்பளம் 100 என்றால் வாடிக்கையாளர் கொடுப்பது 120, மாடலுக்கு 80, ஏஜென்சிக்கு 40. வந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு உங்களுடையது. வேலை தேடித் தருவதும், பேரம் பேசுவதும், பணத்தை வசூலிப்பதும் உழைப்புதான், அதற்குக் கூலி வேண்டும். அந்தக் கூலி எவ்வளவு என்பது மாடலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மீதி 80 முழுவதும் கைக்கு வந்துவிடுவதில்லை. மாடலின் படத் தொகுப்புக்காக எடுக்கும் டெஸ்ட் ஷூட், அவரது படமும் அளவுகளும் உள்ள காம்ப் கார்டு அச்சு, இணையதளக் கட்டணம், விமான டிக்கெட், மாடல்கள் தங்கும் வீட்டு வாடகை என்று நீங்கள் முன்பணமாகச் செலவழித்தவை எல்லாம் மாடலின் கணக்கில் கடனாக ஏறுகின்றன. வேலைகள் வந்தும் முதல் ஆண்டு முடிவில் கணக்கு கழித்தலில் நிற்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். ஓர் அறையில் நான்கு பேரைத் தங்கவைத்து, நால்வரிடமும் முழு அறைக்கான வாடகையைப் பிடிக்கும் இடங்களும் இருக்கின்றன. எந்தச் செலவாக இருந்தாலும் செய்யும் முன் மாடலின் சம்மதத்தை வாங்குங்கள், பிறகு ரசீதைக் காட்டுங்கள்.

எந்த வேலையில் எவ்வளவு பணம் என்பதையும் விளக்கிச் சொல்லுங்கள், ஏனென்றால் வெளியில் இருப்பவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். பத்திரிகையின் ஃபேஷன் பக்கங்களுக்கான எடிட்டோரியல் வேலைக்குச் சம்பளம் மிகக் குறைவு, பல நேரம் எதுவுமே கிடையாது. போர்ட்ஃபோலியோவில் வைக்க நல்ல படங்கள் கிடைப்பதே அதன் பயன். ராம்ப்பில் பெரிய நிறுவனங்கள் பணம் தருகின்றன. வளரும் வடிவமைப்பாளர்கள் பலர் சம்பளத்துக்குப் பதிலாக உடையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். யாரும் பெருமையாகப் பேசாத வேலைகள்தான் மாதத்தை ஓட்டுகின்றன. இணையக் கடைகளுக்கான கேட்லாக் ஷூட்டில் ஒரே நாளில் பல பத்து உடைகள் மாற்ற வேண்டும், முதுகு ஒடியும். ஆனால் பிடித்துப்போனால் அதே வாடிக்கையாளர் மறுபடி மறுபடி கூப்பிடுவார். ஃபிட் மாடலுக்கு மணிக்கணக்கில் சம்பளம். தயாரிப்புக்கு முன் உடையைப் போட்டுப் பார்த்து, தோள் பிடிக்கிறதா, கை ஏறுகிறதா என்று சொல்லும் வேலை அது. மார்பு, இடுப்பு அளவு மாறாமல் இருக்கும்வரை ஆண்டுக்கணக்கில் நீடிக்கும், முகம் யாருக்கும் தெரியாது. உயர் ஃபேஷன் ராம்ப்புக்குப் பெண்களிடம் சுமார் 175 முதல் 180 செ.மீ., ஆண்களிடம் 185 செ.மீ.க்கு மேல் உயரம் எதிர்பார்க்கிறார்கள். விளம்பர வேலைக்கு அப்படியொரு வரம்பு இல்லை, எல்லா வயதினருக்கும் இடம் உண்டு. 165 செ.மீ. உயரமுள்ள பெண்ணிடம் ராம்ப் கனவை வளர்க்காமல், அவருக்கு வேலை வரக்கூடிய பிரிவு எதுவென்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

பெரிய தொகை இருப்பது விளம்பரத்தில், அதுவும் படத்தைப் பயன்படுத்தும் உரிமையில். படப்பிடிப்பு நாளுக்கு ஒரு சம்பளம். படம் எந்த ஊடகத்தில், எந்தெந்த நாடுகளில், எத்தனை மாதம் ஓடும் என்பதற்குத் தனித் தொகை. ஒரு ஷாம்பு விளம்பரத்தில் நடித்தவர் ஓராண்டுக்கு வேறு ஷாம்புவைத் தொடக்கூடாது என்று நிபந்தனை போட்டால் அதற்கும் விலை உண்டு. தவறு நடப்பது படப்பிடிப்புத் தளத்தில். மேக்கப் போடும்போது நீட்டப்படும், படத்தைப் பயன்படுத்த அனுமதி தரும் ரிலீஸ் படிவத்தில் “உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களிலும், காலவரையின்றி” என்ற வரி இருக்கும். அதில் கையெழுத்திட்டால் பிறகு எத்தனை ஆண்டு ஓடினாலும் ஒன்றும் கேட்க முடியாது. “ஏஜென்சி பார்க்காமல் எதிலும் கையெழுத்திடாதே” என்று முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

தொடங்குவதற்குப் பெரிய செலவு தேவையில்லை என்பதையும் நீங்கள்தான் உரக்கச் சொல்ல வேண்டும். முதல் தேர்வுக்கு வேண்டியவை டிஜிட்டல்ஸ் எனப்படும் எளிய படங்கள் மட்டுமே. ஜன்னல் வெளிச்சம், வெற்றுச் சுவர், மேக்கப் இல்லாத முகம், உடம்போடு ஒட்டிய சாதாரண உடை. முகம் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இடுப்புவரை ஒன்று, முழு உயரம் முன்னும் பின்னும், தலைமுடியைக் கட்டியும் விட்டும். கேமராவை நெஞ்சு உயரத்தில் பிடித்து, சற்றுத் தள்ளி நின்று எடுக்க வேண்டும். கிட்டே போய் ஃபோனின் அகலக் கோணத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் கால் குட்டையாகவும் தெரியும். ஃபில்டர் கூடாது, அளவுகளில் ஒரு சென்டிமீட்டர்கூடப் பொய் கூடாது. காஸ்டிங் என்ற நேரடித் தேர்வில் டேப் எடுத்து அளப்பார்கள். சேரும்போதே போர்ட்ஃபோலியோ பேக்கேஜ், பயிற்சி வகுப்பு, பதிவுக் கட்டணம் என்று பணம் கேட்கும் நிறுவனத்துக்கு மாடல்களின் கட்டணமே வருமானம். வேலை வாங்கித் தர வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

வேலை முடிந்து 60, 90 நாள் கழித்துப் பணம் வருவது இத்தொழிலில் சாதாரணம். அதோடு “ஆப்ஷன்” என்ற பெயரில் தேதிகளைப் பிடித்து வைத்துவிட்டு, கடைசி நேரத்தில் ஒரு காசும் தராமல் விடுவிக்கும் வழக்கமும் இருக்கிறது. அந்த நாட்களில் மாடல் வேறு வேலையை ஒத்துக்கொள்ள முடியாமல் நிற்கிறார். உறுதிசெய்த வேலை ரத்தானால் எவ்வளவு தரப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முதல் ஓரிரண்டு ஆண்டுகளுக்கு வேறொரு வருமானத்தை விட்டுவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

நாங்கள் கேட்பது நடக்காத காரியம் இல்லை. பிரான்ஸில் மாடலைக் கூலிக்கு அமர்த்தினால் அவரை ஊழியராகவே சட்டம் கருதுகிறது. நியூயார்க் மாநிலத்தில் 2025 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள ஃபேஷன் தொழிலாளர் சட்டம், ஏஜென்சி கமிஷனுக்கு 20 சதவீத உச்சவரம்பு வைத்தது. சேர்க்கைக் கட்டணத்தையும் முன்வைப்புத் தொகையையும் தடை செய்தது. ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக்கூடாது என்றது. மாடலின் உருவத்தைக் கணினியில் நகலெடுத்துப் பயன்படுத்தத் தனியாக எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. ஒரே ஒருநாள் ஷூட்டை வைத்து நூறு படங்களைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்க முடிகிற காலத்தில், இந்தச் சம்மதப் படிவம் உங்கள் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் இன்றைக்கே சேருங்கள்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத் தாள் கொடுங்கள். மாடலிடமும் வாடிக்கையாளரிடமும் வாங்கும் கமிஷன், திரும்பப் பிடிக்கப்படும் செலவுகள், பணம் வரும் காலக்கெடு, சென்ற ஆண்டு உங்களிடம் சேர்ந்த புதுமுகங்களுக்குச் சராசரியாகக் கிடைத்த சம்பள நாட்கள், இவ்வளவும் அதில் இருக்கட்டும். அதைப் படித்துப் பார்க்க அவருக்கு ஒரு வாரம் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள். பதினெட்டு நிரம்பாதவர் என்றால் பெற்றோரையும் அழைத்து உட்காரவைத்துப் பேசுங்கள். சேர்ந்த பிறகு, வேலை வந்தாலும் வராவிட்டாலும், மாதாமாதம் கணக்குச் சீட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மாடலிங் தொழிலில் ஒப்பந்தமும் கணக்கும் பார்ப்பவர்கள்