ஏர்வாடி போய் வந்தோம்

மாப்ள அந்தோணி,

நலம், நலமறிய ஆவல். கிறிஸ்துமஸுக்கே எழுதியிருக்க வேண்டும். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். சேதி இதுதான்: மனசு சரியில்லாமல் இருக்கிற பெரியக்காவின் இளைய மகனை ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போனோம்.

பதறாதே, சங்கிலி கிங்கிலி எதுவும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்து, கட்டிப்போட்ட நிலையிலேயே 28 பேர் கருகிப்போனதை இந்தக் கரையில் யார் மறப்பார்? அதற்கப்புறம்தான் அங்கிருந்த காப்பகங்களை மூடினார்கள். 2017 மனநலச் சட்டப்படி இப்போது யாரையும் சங்கிலியில் கட்டவே கூடாது. தர்காவுக்கு வருகிறவர்களை மனநல டாக்டரும் பார்க்கிறார். மருந்தும் வேண்டுதலும் சேர்ந்தே நடக்கட்டும் என்று அரசு கொண்டுவந்த ‘தவா-துவா’ திட்டம் அது.

அக்காவைத்தான் உனக்குத் தெரியுமே! ராம்நாட்டு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த மாத்திரையை எல்லாம் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தவள். தர்காவில் ஓதுகிற லெவ்வை, ஓதிவிட்டுப் பையன் கையில் நூல் கட்டினார். முடிச்சுப் போட்டுக்கொண்டே, “தாயி, அந்த ரூம்புல டாக்டர் இருக்காக. மாத்திரைய நிப்பாட்டினா இந்த நூலுக்கு மரியாதை இல்ல” என்றார். அவ்வளவுதான். நான் தொண்டை வறளக் கத்தியதில் நடக்காதது, அவர் சொன்ன ஒரு வார்த்தையில் நடந்துவிட்டது. இப்போது ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தண்ணீர்ச் செம்போடு அவன் தலைமாட்டில் நிற்கிறாள். பையன் கொஞ்சம் மந்தமாக இருக்கிறான், ஆனால் தூங்குகிறான்.

என் கவலையே இனிமேல்தான். அமெரிக்காவில் உன் மகள் இருக்கிற மெம்பிஸில் மெதடிஸ்ட் ஆஸ்பத்திரியும் நூற்றுக்கணக்கான சர்ச்சுகளும் ஒப்பந்தம் போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். சபை ஆள் அட்மிட் ஆனால், அவர் சம்மதித்தால் சர்ச்சுக்குச் சொல்லிவிடுவார்கள், வீடு திரும்பின பிறகும் போய்ப் பார்ப்பார்கள் என்றாய். நல்லதுதான். ஆனால் அது உள்ளூர்ச் சபை. ஏர்வாடிக்குக் கேரளாவிலிருந்துகூட வருகிறார்கள். ஊர் போய்ச் சேர்ந்தபின் மாத்திரை போட்டாயா என்று கேட்க அங்கே லெவ்வை ஏது? நூல் இற்று விழுகிற அன்றைக்கு மாத்திரையும் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நம்ம பங்குச் சாமியாரிடம் சொல்லிவைக்கலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் ஒரு வார்த்தை விசாரித்தாலே போதும். அக்கா பிடித்துக்கொண்டாள்: “கடற்கரை பூராவும் தெரிஞ்சா இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?” பதில் சொல்ல முடியவில்லை, மாப்ள. மெம்பிஸில் சர்ச்சுக்குப் போன விஷயம் ஊர் வாய்க்குப் போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்? மகளிடம் கேட்டு, சீக்கிரம் எழுது.

அப்புறம், வலைக்கடைக்காரர் உன் பழைய பாக்கியை என்னிடம் கேட்கிறார். அதற்கும் ஒரு வரி சேர்த்து எழுது.

அன்புடன்,
செபஸ்தி