ரிசர்ச் பண்ற பொண்ணுக்கு, புண்ணு கட்டற அம்மா எழுதறது

கண்ணு,

நீ அனுப்பின ரிப்போர்ட்டை திரும்பத் திரும்ப படிச்சேன். எல்லாமே புரிஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா எலி போட்டோ வரிசையா போட்டு முதல் நாள் புண்ணு இவ்ளோ இருந்துச்சு, கடைசில மூடிடுச்சுன்னு காட்டியிருந்த பாரு, அது நல்லாவே புரிஞ்சுது, புண்ணு ஆற மேல போடறதுக்கு உன் கையால செஞ்ச ஷீட்டு ஒரு உயிர் மேல வேலை செய்யுதுன்னு பாக்க அவ்ளோ பெருமையா இருந்துச்சுடா. அதே சமயம் ஆஸ்பத்திரில புண்ணு கட்டற டிரெஸ்ஸிங் ரூம்லயே காலத்தை ஓட்டினவ கண்ணுக்கு சில விஷயம் உறுத்துச்சு. போன்ல சொன்னா சரிம்மா சரிம்மான்னு வெச்சுடுவ, அதான் எழுதறேன்.

முதல்ல அந்த எலி. எலிக்கு தோலுக்கு அடியிலயே மெல்லிசா ஒரு தசை இருக்கு, அது சுத்தியிருக்கற தோலை இழுத்துச் சுருக்கியே புண்ணை மூடிடும். நமக்கு அந்த அளவுக்கு சுருங்கி மூடாது, அடியிலேர்ந்து புது சதை வளரணும், ஓரத்துலேர்ந்து தோல் செல் ஊர்ந்து உள்ள வரணும், அதுக்கு நாள் ஆகும். அதனாலதான் சில பேர் எலி புண்ணை சுத்தி சிலிகோன் ரிங் வெச்சு தைச்சு சுருங்க விடாம டெஸ்ட் பண்றாங்க, இன்னும் சரியா பாக்கணும்னா பன்னித் தோல்ல பாக்கறாங்க, அதுதான் நம்ம தோலுக்கு கிட்ட வருது. உன் போட்டோல ரிங் எதுவும் தெரியல. இது உனக்கும் உங்க கைடுக்கும் தெரியாத விஷயம் இல்ல, இருந்தாலும் அவர்கிட்ட கேளு, ஏன்னா ரிப்போர்ட் பூரா "சீக்கிரம் மூடுச்சு, சீக்கிரம் மூடுச்சு"ன்னே இருக்கு, சீக்கிரம் மூடறது வேற, நல்லா ஆறறது வேற.

நீயே எனக்கு ஒரு தடவை சொன்ன கதைதான், யானஸ்னு ஒரு புரொஃபசரும் பர்க்னு தீக்காயம் பாக்கற சர்ஜனும் சேர்ந்து மாட்டுக் கொலாஜனையும், அதான் தோலுக்கு பலம் தர்ற புரதம், சுறா குருத்தெலும்புலேர்ந்து எடுத்த பொருளையும் கலந்து, மேல சிலிகோன் ஷீட்டு ஒட்டி செயற்கைத் தோல் செஞ்சாங்கன்னு, 1981ல நோயாளிங்களுக்கு போட்டதை எழுதினாங்கன்னு. அதுல எனக்கு பிடிச்ச இடம் எது தெரியுமா, அவங்க முதல்ல தேடினது புண்ணு சீக்கிரம் மூடற பொருளைத்தான், கைல கிடைச்சது புண்ணு சுருங்கறதை தாமதப்படுத்தற பொருள். வேற யாரா இருந்தாலும் ஃபெயில்னு தூக்கிப் போட்டிருப்பாங்க. அந்த தாமதத்துலதான் தழும்புக்கு பதிலா கிட்டத்தட்ட நிஜமான உள்தோல் வளர்ந்துச்சு. அந்தப் பொருள்ல இருக்கற ஓட்டை ரொம்ப சின்னதா இருந்தாலும் ரொம்ப பெருசா இருந்தாலும் அந்த வேலை நடக்கலை, பொருள் ரொம்ப சீக்கிரம் கரைஞ்சாலும் ரொம்ப நாள் நின்னாலும் நடக்கலை. அப்புறம் 1996ல தான் அமெரிக்காவுல அதுக்கு அனுமதியே கிடைச்சுது. அவ்ளோ வருஷம். உன் முதல் ரிசல்ட்டுக்கே நீ அவசரப்படாத.

சுருங்கறதுன்னா என்னன்னு நான் சொல்றேன். கழுத்துல தீ பட்ட குழந்தைக்கு புண்ணு மூடிடும், எல்லாரும் சந்தோஷப்படுவாங்க, அப்புறம் தழும்பு இறுகி தாடையை மார்போட இழுத்துப் பிடிக்கும், தலை நிமிர முடியாது, திரும்ப ஆபரேஷன். அங்க முடி வளராது, வேர்வை வராது, பழைய பலமும் முழுசா திரும்பாது. உன் கிராஃப்ல அந்தப் புண்ணுக்கு நூத்துக்கு நூறு மார்க். எனக்கு அது ஆறின கணக்கே இல்ல.

அடுத்தது, உங்க எலி எல்லாம் நல்லா இருக்கற எலி. அதுக்கு நீ வெட்டற புண்ணு புதுசு, சுத்தமானது, ஒண்ணுமே போடலைன்னாலும் ஆறிடும். என்கிட்ட வர்றவங்களுக்கு சுகர் இருக்கும், காலுக்கு ரத்த ஓட்டம் கம்மி, புண்ணு மாசக்கணக்கா அப்படியே நிக்கும். வீக்கம் அடங்கி சதை வளர ஆரம்பிக்கணும், அது அடங்கவே அடங்காது, அதுலேர்ந்து வர்ற என்சைம் நம்ம சதையை மட்டும் இல்ல, நீங்க போடற கொலாஜனையும் தின்னும், வளர்ச்சிக்குன்னு போடற மருந்தையும் தின்னும். 1997லயே அந்த மாதிரி வளர்ச்சிப் புரதம் போட்ட ஜெல் ஒண்ணு வந்துச்சு, தினம் தடவணும், எல்லாருக்கும் வேலை செய்யலை. சில கொலாஜன் டிரெஸ்ஸிங்கை நாங்க வெக்கறதே, என்சைம் இதைத் தின்னுட்டு நோயாளியோட சதையை விடட்டும்னுதான். அதனால உன் ஷீட்டை சலைன்ல போட்டு இத்தனை வாரம் தாங்கும்னு சொல்றது எனக்கு போதாது, அந்த என்சைம்ல போட்டுப் பாரு, முடிஞ்சா நிஜமாவே ஆறாத புண்ணுலேர்ந்து எடுத்த தண்ணில போட்டுப் பாரு. அவங்களுக்கு கால்ல உணர்ச்சியும் இருக்காது, வலிக்காததால புண்ணு மேலயே நடப்பாங்க, சுமையை இறக்க ஸ்பெஷல் செருப்போ கட்டோ கொடுத்தாலும் பாதி பேர் வீட்ல போடறதில்லை. உன் ஷீட்டு அந்த மிதியைத் தாங்கணும்.

ஈரத்தைப் பத்தி நீ எழுதினது சரிதான். 1962ல வின்டர்னு ஒருத்தர் பன்னி மேல ஃபிலிம் ஒட்டி மூடி வெச்ச புண்ணுல, காய்ஞ்சு பொருக்கு கட்டினதை விட ரெண்டு மடங்கு வேகமா தோல் மூடறதைக் காட்டினாரு. ஆனா ஈரம்னு சொல்லி தண்ணி நிறைஞ்ச ஹைட்ரோஜெல்லை ஏற்கனவே ஒழுகற புண்ணு மேல வெச்சா ஓரத்துத் தோல் வெள்ளையா ஊறி நைஞ்சு போகும், அங்க கடல்பாசிலேர்ந்து செய்யற ஆல்ஜினேட் தான் கை கொடுக்கும், தண்ணியை உறிஞ்சிட்டு அதுவே ஜெல்லா மாறிடும். எந்தப் புண்ணுக்குன்னு முடிவு பண்ணாம பொருளை செய்யாத.

புண்ணு மேலேர்ந்து ஷீட்டை எடுக்கறதைப் பத்தி உன் ரிப்போர்ட்ல ஒரு வரி கூட இல்ல, இதுதான் எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா போச்சு. காய்ஞ்ச காஸ் துணியை உரிக்கும்போது நேத்து வளர்ந்த சதையும் சேர்ந்து வரும், ரத்தம் வரும், நோயாளி என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்க. உன் ஷீட்டு உள்ளயே கரைஞ்சு போகுதா, இல்ல நாங்க எடுக்கணுமா, எடுக்கணும்னா எதை ஊத்தி எடுக்கறது, பாதி கரைஞ்சு கிடக்கறதைப் பாத்து சீழ்னு நினைச்சு டியூட்டில இருக்கற நர்ஸ் வழிச்சு எடுத்துட மாட்டாங்களா? இதெல்லாம் இப்பவே யோசி.

ஸ்டெரிலைஸ் பண்ணின பிறகு டெஸ்ட் பண்ணினியா, முன்னாடியா? நீராவி அழுத்தத்துல சூடு பண்ற ஆட்டோகிளேவ்ல வெச்சா கொலாஜன் ஜெலட்டினா போயிடும், காமா கதிர் அடிச்சா பலமும் கரையற வேகமும் மாறலாம், என் கைக்கு வர்றது அந்த மாறின பொருள்தான்.

அப்புறம் ஒரு வேலை செய். ஷீட்டை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, நனைச்சு, உன் முழங்கால் மேலயே வெச்சு கட்டிட்டு ஒரு நாள் பூரா நட, உக்காரு, படியேறு. நழுவுதா, கிழியுதா, ஓரம் மடங்குதான்னு பாத்து எழுது, நானும் என் கூட வேலை பாக்கற சிஸ்டருங்க கிட்ட கேட்டு பதில் எழுதறேன்.

அம்மா