ஏழரை நொடியில் என்ன ஒழுங்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுஞ்சாலைச் சந்திப்பு நெரிசல் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். "சந்திப்பின் வடிவமைப்பில் எந்தக் குறையும் இல்லை, ஓட்டுநர்கள் ஒழுங்காகத் தடம் மாறினாலே நெரிசல் தீர்ந்துவிடும்" என்ற இடத்தில் மட்டும் பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை. தீர்ப்பே எழுதிவிட்டீர்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பில் நாலு வார்த்தை பேச அனுமதி உண்டா?

நீங்கள் படம் போட்டிருப்பது நான்கு லூப்களும் கொண்ட குளோவர் லீஃப்: இரண்டு சாலைகள் பாலத்தில் ஒன்றையொன்று கடக்க, நான்கு மூலையிலும் வட்டமாகச் சுற்றித் திரும்பும் இணைப்புச் சாலைகள். ட்ரோனில் எடுத்தால் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். தரையில் கதை வேறு. ஒரு லூப்பில் சுற்றி வரும் வண்டி பிரதான சாலையில் நுழைகிறது. அதே ஓரத் தடத்திலிருந்து, கொஞ்ச தூரம் தள்ளி, அடுத்த லூப்புக்குள் போக வேண்டிய வண்டி வெளியேறுகிறது. நுழைபவர் உள்ளே வரவேண்டும், வெளியேறுபவர் ஓரம் கட்டவேண்டும். இரண்டும் ஒரே துண்டில், ஒரே நேரத்தில், அதுவும் பாலத்தின் அடியிலோ மேலோ. பொறியாளர்கள் இதை வீவிங் என்பார்கள். இந்தத் துண்டின் நீளம் 150 மீட்டர் என்று வையுங்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 20 மீட்டர். ஆக, ஓட்டுநருக்குக் கிடைப்பது ஏழரை நொடி. அதற்குள் கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, இடைவெளி தேடி, நுழைந்து முடிக்க வேண்டும். ஓரத் தடத்தில் மணிக்கு 1,800 வண்டி ஓடினால் அடுத்தடுத்த இரண்டு வண்டிகளுக்கு நடுவே சராசரியாக 2 நொடிதான். பயமில்லாமல் நுழைய 4 நொடி இடைவெளியாவது வேண்டும். இல்லாத இடைவெளியில் ஒழுங்காக நுழைவது எப்படி என்று கட்டுரையாளர் ஒரு பெட்டிச் செய்தி போட்டிருக்கலாம்.

நுழைய முடியாதவர் பிரேக்கை மிதிப்பார். பின்னால் வருபவர் அதைவிடக் கொஞ்சம் அழுத்தி மிதிப்பார், அதற்கும் பின்னால் வருபவர் நின்றேவிடுவார். இந்த நிறுத்த அலை போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் மணிக்கு ஏறத்தாழ 15 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கிப் போகும். இரண்டு கிலோமீட்டர் பின்னால் இருப்பவர் ஆறேழு நிமிடம் கழித்து, காரணமே தெரியாமல் நின்றுகொண்டிருப்பார். அவரைத்தான் நீங்கள் பேட்டி கண்டீர்கள். "முன்னாடி யாரோ தப்பா ஓட்டியிருக்கான் சார்" என்றார், அதையே தலைப்பாக்கிவிட்டீர்கள்.

ஒருமுறை வரிசை கட்டிவிட்டால், அந்த இடத்தின் கொள்ளளவே சுமார் 5 முதல் 10 விழுக்காடு வரை குறைந்துவிடும். நின்ற வண்டி முன்னவர் நகர்ந்த அதே நொடியில் நகர்வதில்லை, ஒவ்வொருவரும் ஒரு இழை தாமதிப்பார்கள். வரத்து குறைந்த பிறகும் நெரிசல் கலையாததற்கு இதுதான் காரணம். 1929-இல் நியூஜெர்சியின் வுட்பிரிட்ஜில் அமெரிக்காவின் முதல் குளோவர் லீஃப் திறக்கப்பட்டபோது இருந்த கார்களுக்கு அது தாராளம். வீவிங் செய்யும் வண்டிகள் இரு பக்கமும் சேர்த்து மணிக்கு 1,000-ஐத் தாண்டினால் அந்தத் துண்டைப் பிரதான சாலையிலிருந்து பிரித்துவிட யோசிக்க வேண்டும் என்பது வடிவமைப்பு மேசையில் உட்கார்ந்த யாருக்கும் தெரிந்த பழைய கணக்கு. கட்டுரையில் அந்த எண்ணிக்கை எங்கே? தேடித் தேடிப் பார்த்தேன், திறப்பு விழாவுக்கு வந்தவர்களின் எண்ணிக்கைதான் கிடைத்தது.

எண்ணிக்கை என்றதும் இன்னொன்று. "வாகன எண்ணிக்கை வடிவமைப்புக் கொள்ளளவுக்குள்தான் இருக்கிறது" என்று ஓர் ஆய்வறிக்கையை மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். எண்ணியவர் எங்கே நின்று எண்ணினார்? நெரிசலின் வாயில் நின்று எண்ணினால் கடந்து போனவைதான் கணக்கில் வரும், வரிசையில் காத்து நிற்பவை வராது. கடந்து போவது கொள்ளளவைத் தாண்டவே முடியாது. எவ்வளவு மோசமான சந்திப்பானாலும் இந்தப் பரீட்சையில் தவறாமல் பாஸ் ஆகிவிடும்! வரிசையின் வால் எங்கே முடிகிறதோ அதற்கும் பின்னால் நின்று எண்ண வேண்டும். எந்தத் திசையிலிருந்து வந்து எந்தத் திசைக்குத் திரும்புகிறார்கள் என்பதையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். மொத்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு வீவிங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

இது உங்கள் இதழுக்குப் புதிதல்ல என்பதுதான் வருத்தம். முன்பு ஒருமுறை, நெடுஞ்சாலையிலிருந்து கீழ்ச் சாலைக்கு இறங்கும் ராம்ப் (இணைப்புச் சாலை) முடியும் இடத்தில் சிக்னல் வைத்ததும் "கீழ்ச் சாலையில் நெரிசல் ஒழிந்தது" என்று கொண்டாடினீர்கள். ஒழியவில்லை, மேலே ஏறிக்கொண்டது. கணக்கு எளியது. 90 நொடிச் சுற்றில் ராம்புக்கு 20 நொடி பச்சை என்றால், இரண்டு நொடிக்கு ஒரு வண்டி வீதம் சுற்றுக்கு 10 வண்டி, மணிக்கு 400. வருவதோ 600. ஒற்றைத் தட ராம்ப் 300 மீட்டர், ஒரு வண்டி நிற்க 7 மீட்டர், ஆக ராம்ப் கொள்வது நாற்பத்து மூன்று வண்டி. மணிக்கு 200 வண்டி மிஞ்சினால் 13 நிமிடத்தில் ராம்ப் நிரம்பி, வால் பிரதான சாலைக்கு வந்துவிடும். பக்கத்துத் தடத்தில் லாரிகள் முழு வேகத்தில் பறக்க, ஓரத் தடத்தில் வரிசை அசையாமல் நிற்கும். நெடுஞ்சாலையில் இதைவிட ஆபத்தான நிலைமை அதிகம் இல்லை. பச்சையைக் கூட்டலாமே என்றால், கீழ்ச் சாலைக்காரர்களுக்கு வலிக்கும், அதையும் நீங்கள் எழுதுவீர்கள்.

இன்னொரு முறை, "கூடுதலாக ஒரு தடம் போட்டால் போதும்" என்று தலையங்கம். சந்திப்புக்கு முன்னால் மூன்றை நான்காக்கி, சந்திப்புக்குள் மறுபடி மூன்றாக்கினால், கூடுதல் தடத்தால் கிடைப்பது அகலமான வரிசை மட்டுமே. தடம் முடியும் இடம் வரை ஓட்டிவந்து நுழைபவர்களைக் 'குறுக்கே புகுபவர்கள்' என்று திட்டியதும் நீங்கள்தான். தடம் முடிகிற இடத்தில் இரண்டு தடத்தையும் கடைசி வரை பயன்படுத்தி, ஒன்று விட்டு ஒன்றாகக் கலப்பதுதான் சரியான முறை. வெளியேறும் ராம்புக்கு நிற்கும் வரிசையை ஏமாற்றி முன்னால் செருகுகிறவர் வேறு ஜாதி. அவரைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

நுழைவுத் தடத்தின் நீளத்தைப் பற்றியும் கட்டுரை வாய் திறக்கவில்லை. லூப்பிலிருந்து 40 கிலோமீட்டர் வேகத்தில் வெளிவரும் கார், நிதானமாக முடுக்கினால் 80-ஐத் தொட ஏறத்தாழ 185 மீட்டர் வேண்டும். சுமை ஏற்றிய லாரிக்கு 600 மீட்டருக்கும் மேல். லூப்பில் 60-இல் வரட்டுமே என்றால், வேகம் ஒன்றரை மடங்கானால் வளைவின் ஆரம் இரண்டேகால் மடங்காக வேண்டும். 57 மீட்டர் போதுமான இடத்தில் 129 மீட்டர். அவ்வளவு நிலம் எடுக்க முடியாது என்பதால்தான் லூப்பைச் சுருக்குகிறார்கள், லூப் சுருங்கினால் வீவிங் துண்டும் சுருங்கும். காகிதத்தில் மிச்சம் பிடித்த நிலத்துக்கு வாடகையை அந்த லாரி ஓட்டுநர் தினமும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

வடிவமைப்பில் குறை இருக்கிறதா என்று அறிய ஆய்வறிக்கைகூட வேண்டாம். பிரதான சாலையும் ராம்பும் பிரியும் இடத்தில், சாய்கோடு போட்ட முக்கோணத்தைப் போய்ப் பாருங்கள். கோடு மேலே டயர் தேய்ந்து வெள்ளை மங்கியிருக்கும், பிளாஸ்டிக் கம்பங்கள் அடியோடு முறிந்திருக்கும், உடைந்த விளக்குச் சில்லுகள் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும். முக்கோணத்துக்கு முன்னால் கறுப்புத் தடங்கள் சரிவாக விழுந்திருந்தால், பலகை தாமதமாகக் கண்ணில் படுகிறது என்று பொருள். முடிவெடுத்துக் காலை அசைக்க மட்டும் 2.5 நொடி என்பது வடிவமைப்பில் வைக்கும் வழக்கமான அளவு, அதாவது நூறு கிலோமீட்டர் வேகத்தில் 70 மீட்டர். தடம் மாறும் தூரம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முதல் பலகை பிரிவுக்கு 300 மீட்டருக்கு முன்னால் நின்றால் என்ன பயன்? 2 கிலோமீட்டர், 1 கிலோமீட்டர், 500 மீட்டர் என்று சாலைக்குக் குறுக்கே தலைக்கு மேல் பலகை வேண்டும், எந்தத் தடம் எங்கே போகிறது என்று அம்புக்குறியோடு.

சரிசெய்ய வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பலகையும் பெயிண்ட்டும் முதலில். வீவிங் துண்டுக்குள் திறக்கும் சர்வீஸ் ரோடு வாயையும் பேருந்து நிறுத்தத்தையும் அப்புறப்படுத்துவது அடுத்து. நுழைவு ராம்பில் ஒரு பச்சைக்கு ஒரு வண்டி என்று விடும் மீட்டரிங் 1963-லேயே சிகாகோவில் வந்துவிட்டது. ஆனால் ராம்பில் காத்து நிற்க இடம் இருந்தால்தான் அது எடுபடும். பெரிய வேலை என்றால் இரண்டு: வீவிங்கைத் தடுப்புக்கு அப்பால் ஓர் இணைச் சாலைக்குத் தள்ளுவது, அல்லது எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு லூப்களை எடுத்துவிட்டு அந்தத் திருப்பங்களுக்கு நேரடிப் பாலம் கட்டுவது. இரண்டாவது சிறந்தது, செலவும் அதிகம்.

உங்களிடம் பாலம் கேட்கவில்லை. அடுத்த முறை ஒரு சந்திப்புக்கு நற்சான்று கொடுக்கும்போது, ட்ரோன் படத்துக்குக் கீழே நான்கு எண்களை அச்சிடுங்கள்: வீவிங் துண்டின் நீளம், நுழைவுத் தடத்தின் நீளம், முதல் அறிவிப்புப் பலகை இருக்கும் தூரம், பீக் அவரில் ஒவ்வொரு லூப்பிலும் போகும் வண்டிகள். இடம் போதாது என்றால் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சாலை வடிவமைப்புத் துறையைச் சேர்ந்த ஒரு வாசகர்