வள்ளிக்கு, அந்த ஐந்து காசு பற்றி

அன்பு மகள் வள்ளிக்கு,

இங்கே எல்லோரும் நலம். பவுன் காசுகளுக்கு லண்டனில் என்ன தருவார்கள் என்று தம்பியிடம் கேட்டாயாம். என்னிடம் கேட்டிருக்கலாம். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை வேலைக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறார்?

நம் கடைகளில் சவரன் என்றால் 8 கிராம். அந்தப் பெயரே 'சாவரின்' என்கிற இந்த ஆங்கிலேயக் காசிலிருந்து வந்ததுதான். ஆனால் காசின் எடை 7.988 கிராம், 22 காரட். அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். அன்றைய சுத்தத் தங்கத்தின் கிராம் விலையை இந்த 7.32-ஆல் பெருக்கு. அதற்குக் கொஞ்சம் கீழே கேட்டால் நியாயம். கடைக்காரரும் பிழைக்க வேண்டுமே. மூன்று கடையாவது ஏறி இறங்கு. முதல் கடையிலேயே கொடுத்துவிடாதே.

பழையது என்பதற்காகக் கூடுதலாக எதிர்பார்க்காதே. ஐந்தாம் ஜார்ஜ் காசுகளைக் கோடிக்கணக்கில் அடித்திருக்கிறார்கள். குதிரைக்குக் கீழே, வருடத்துக்குச் சற்று மேலே உள்ள தரைக்கோட்டை மட்டும் லென்ஸ் வைத்துப் பார். கடுகளவு 'I' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பம்பாயில் அடித்தது. 1918 ஒரே வருடம்தான் அங்கே அடித்தார்கள். சேகரிப்பவர்கள் சற்றுக் கூட்டித் தருவார்கள். அப்பத்தா மாலையில் கோத்திருந்த இரண்டில் ராஜா தலைக்கு மேல் பற்று வைத்த தழும்பு இருக்கும். அவற்றுக்குத் தங்கத்தின் விலைதான். சுரண்டாதே. பூந்திக்கொட்டை போட்டுக் கழுவவும் கழுவாதே, பளபளப்பாக்கினால் மதிப்புப் போய்விடும். நீ கணக்கில் கெட்டிக்காரி, ஏமாறமாட்டாய். ஆனால் முதல் கடையில் கொடுத்துவிடாதே.

ஆறாவது காசு தொலையவில்லை, வள்ளி. 1998-இல் சீட்டுப் பணம் கட்ட முடியாமல் நான்தான் விற்றேன். கடைக்காரர் காசைப் பார்ப்பதற்கு முன் என் முகத்தைப் பார்த்தார். பற்று இருக்கிறது, தேய்மானம் இருக்கிறது என்று கழித்துக்கொண்டே போனார். நான் தராசைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. அது எந்த வருடத்துக் காசு என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தால் அம்மா பீரோவிலிருந்த புடவைகளை ஒவ்வொன்றாக உதறிக்கொண்டிருந்தாள். பாக்கியம் எடுத்திருப்பாளோ என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. மறுவாரம் அவளை வேலையிலிருந்து நிறுத்தினோம். சடை பின்னிவிட ஆளில்லை என்று நீ இரண்டு நாள் பள்ளிக்கூடம் போக மறுத்தாய்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

மூன்று கடை ஏறி இறங்க உனக்கு ஒரு வாரமாவது ஆகும். அதுவரை தாங்காது என்றால், வங்கியில் போட்ட என் பணம் இந்த மாதம் முதிர்கிறது. தம்பி வழியாகச் சொல்லி அனுப்பாதே. இரவு ஒன்பதரைக்கு அம்மா தூங்கிவிடுவாள். ஃபோனை என் தலைமாட்டில்தான் வைத்திருப்பேன்.

அப்பா