என்ன படித்தீர்கள் என்று கேட்டுத் தொந்தரவு செய்தவளின் நன்றி மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், கதிர்வீச்சுப் பிரிவின் இயற்பியலாளர்களுக்கும், வெளிச்சத்திற்கு வராத மற்ற அனைவருக்கும் வணக்கம்.

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் குடியிருக்கும் என் அக்காவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று தெரியவந்து, சிகிச்சை முடிந்து, மூன்றாம் மாதப் பரிசோதனையும் நல்லபடியாக வந்துவிட்டது. அக்காவுக்கு வயது 64. நான் அவருக்கு மூன்று வயது இளையவள். சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். 31 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். யாரைப் பார்த்தாலும் "என்ன படிச்சீங்க, எங்க படிச்சீங்க?" என்று கேட்கும் பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் என்னை விட்டுப் போகவில்லை. நன்றி சொல்லப் போன இடத்தில் எல்லாம் "நான் என்னங்க செஞ்சேன், அவங்களுக்குச் சொல்லுங்க" என்று நீங்கள் ஒருவர் மற்றவரைக் கை காட்டியதால், அந்தப் பழக்கத்தையே துணையாகக் கொண்டு ஒவ்வொருவராகத் தேடி வந்தேன். உங்கள் பெயர்களை அச்சிடுவதை விரும்ப மாட்டீர்கள் என்பதால் இங்கே எவர் பெயரையும் எழுதவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, மலைமேல் இருக்கும் கிராம சுகாதார செவிலியருக்கு. மாதவிலக்கு நின்று பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அக்காவுக்கு மறுபடி உதிரம் பட்டபோது, அக்கா முதலில் காட்டிய இடத்தில் உள்பரிசோதனை எதுவும் செய்யாமலே நான்கு மாதங்கள் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த நான்கு மாதங்களை நினைத்தால் இன்றும் என் வயிறு எரிகிறது; அதை இங்கே வளர்த்த விரும்பவில்லை. இரத்த அழுத்த மாத்திரை கொடுக்க வந்த செவிலியரோ, பேச்சோடு பேச்சாக அக்கா சொன்னதைக் கேட்டு, பையைக் கீழே வைத்துவிட்டு, "நின்னதுக்கு அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் பார்த்தே ஆகணும் பெரியம்மா, நாளைக்கே கீழ இறங்குங்க" என்று சொல்லியிருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, துணைச் செவிலியர் பயிற்சி பெற்று, மலைக்கு வந்தவர் அவர். அந்தப் பயிற்சியைச் சிறியது என்று எண்ணுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுத்துத் தெரியும் இடங்களை வெறும் கண்ணால் பார்த்தே சோதித்தார்கள். அதனால் அந்தப் புற்றுநோயில் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது என்று 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் நின்றவர்கள் செவிலியர்களே.

அடுத்தவரை நான் பார்த்ததே இல்லை. சதைப் பரிசோதனை அறிக்கையின் அடியில் இருந்த கையெழுத்து மட்டுமே அவர். 'செதிள் செல் புற்றுநோய்' என்று நிச்சயப்படுத்தியவர் அந்த நோய்க்குறியியல் மருத்துவர், எம்.பி.பி.எஸ்.-க்கு மேல் மூன்றாண்டு எம்.டி. படித்து, அதன் பிறகு வாழ்நாள் முழுதும் கண்ணாடிச் சில்லுகளோடு நுண்ணோக்கியின் முன் உட்காரும் தொழில் அது. கர்ப்பப்பை வாயின் செல்களைச் சாயமிட்டுப் பார்க்கும் சோதனையைத் தந்த பாப்பனிகொலாவும் பெண்நோய் மருத்துவராகத் தொழில் செய்தவர் அல்லர். கிரேக்க நாட்டில் மருத்துவமும் ஜெர்மனியில் விலங்கியலும் படித்து, நியூயார்க்கில் கினிப்பன்றிகளை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1928-ல் அவர் சொன்னதை அன்றைய மருத்துவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டிராவுட் என்ற பெண்நோய் மருத்துவரோடு சேர்ந்து 1940-களில் எழுதிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. கையெழுத்தாக மட்டும் நான் அறிந்த அந்த மருத்துவருக்கு என் வணக்கம்.

இனி, அறுவை செய்யாத அறுவை நிபுணருக்கு. இப்படி நன்றி சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். "கட்டியை எடுத்துட்டா சரியாயிடும்" என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தோம். கத்தி வைக்க மாட்டேன் என்று அவர் சொன்னதும், முற்றிப்போனதால் கைவிடுகிறார்கள் என்று நினைத்து வராந்தாவிலேயே அழுதேன். அவர் என்னை உள்ளே அழைத்து, ஒரு தாளில் கர்ப்பப்பையை வரைந்து, நோய் வாயோடு நிற்காமல் பக்கத்துத் திசுக்களுக்குப் பரவியிருப்பதால் இது இரண்டாம் நிலையின் 'பி' பிரிவு என்றும், இந்த நிலையில் அறுவை செய்தாலும் பிறகு கதிர்வீச்சு கொடுக்கவே வேண்டியிருக்கும் என்றும், இரண்டின் பாதிப்பையும் ஒரே உடம்பு தாங்கத் தேவையில்லை என்றும் பொறுமையாகச் சொன்னார். எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, மகப்பேறு மற்றும் பெண்நோயியலில் மூன்றாண்டு, பெண்நோய்ப் புற்றுநோயியலில் எம்.சிஹெச். மூன்றாண்டு, நடுவே நுழைவுத் தேர்வுகளுக்குக் காத்திருந்த காலத்தை அவர் கணக்கில் சேர்க்கவில்லை, நான் சேர்த்தேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அறுவையைக் கற்ற ஒருவர், எங்கே கத்தியை எடுக்கக் கூடாது என்பதையும் அந்தப் படிப்பின் பகுதியாகவே கற்றிருக்கிறார். வயிற்றைத் திறந்துவிட்டு, அதன் பிறகு எங்களிடம் அனுப்பப்படுகிறவர்களும் உண்டு என்று அவர் வருத்தத்தோடு சொன்னபோது, அக்கா எந்தக் கைக்குப் போய்ச் சேர்ந்தார் என்பது எனக்குப் புரிந்தது.

இந்தத் துறையில் உங்களுக்கு முன்னோடி யார் என்று அவரிடம் கேட்டேன். யோசிக்காமல் டாக்டர் வி. சாந்தா என்றார். பெண்நோயியலில் எம்.டி. முடித்து, அரசு மகளிர் மருத்துவமனையில் வேலையும் கிடைத்திருந்த நிலையில், 1955-ல் அடையாறில் பன்னிரண்டு படுக்கைகளோடு நடந்துகொண்டிருந்த புற்றுநோய் மருத்துவமனையில் போய்ச் சேர்ந்தவர் அவர்; 2021 ஜனவரியில் மறையும் வரை அதை விட்டு விலகவில்லை. அந்த மருத்துவமனையை 1954-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இதை மருத்துவர் சொன்னபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். நாட்டிலேயே முதன்முதலாகப் புற்றுநோய் அறுவைக்கும் மருந்து சிகிச்சைக்கும் தனித்தனி உயர்பட்டப் படிப்புகள் 1984-ல் அங்கேதான் தொடங்கின. பெண்நோய்ப் புற்றுநோய்க்கென்று தனிப் பட்டம் அதற்குப் பிறகு வந்தது. என் அக்காவுக்கு முதல் குழந்தை பிறந்த காலத்தில், இந்த மருத்துவர் வாங்கிய பட்டமே நாட்டில் இல்லை.

அறுவை இல்லை என்று ஆன பிறகு கதிர்வீச்சு. எங்கள் ஊர்ப் பேச்சில் 'கரண்ட் வைப்பது'. இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் இறங்கி ஏற அக்காவின் உடம்பு தாங்காது என்பதால் என் வீட்டிலேயே தங்கினார். வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரம், மொத்தம் 25 முறை. தொடக்கத்திலிருந்து எட்டு வாரங்களுக்குள் எல்லாச் சிகிச்சையும் முடிந்தாக வேண்டும், இழுத்தால் பலன் குறையும் என்று கதிர்வீச்சு மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆடிப் பண்டிகைக்கு உள்ளூர் விடுமுறை விட்ட நாளுக்கு ஈடாக, ஒரு சனிக்கிழமை எந்திரத்தை இயக்கி எல்லோருக்கும் முறையைச் சரிக்கட்டினீர்களே, அந்தச் சனிக்கிழமைக்குத் தனியாக ஒரு நன்றி.

என் மனத்துக்கு நெருக்கமானவர் அங்கேதான் கிடைத்தார். உள்கதிர் சிகிச்சை அறைக்கு வெளியே, கணினித் திரையின் முன் அமர்ந்திருந்த இளைஞரை நான் மருத்துவர் என்றே நினைத்திருந்தேன். "இல்லீங்க டீச்சர், நான் ஃபிசிக்ஸ்" என்றார். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் கதிரியல் இயற்பியல் பட்டயம் பெற்று வந்தவர். 31 ஆண்டுகளில் என்னிடம் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் "இதைப் படிச்சு என்ன டீச்சர் பண்றது?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதில் இருப்பது எனக்கே தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

அவர் எனக்கு விளக்கியது, நான் கரும்பலகையில் நூறு முறை எழுதிய எதிர்விகித இருமடி விதியைத்தான். கதிர் மூலத்திலிருந்து தூரம் இரட்டிப்பானால் வீச்சு நான்கில் ஒன்றாகிவிடும். அதனால்தான் அரிசி மணியை ஒத்த இரிடியம்-192 மூலத்தை மெல்லிய குழாய் வழியாகக் கட்டியின் நடுவிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். கட்டிக்கு முழு அளவு கிடைக்க, இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் சிறுநீர்ப்பையும் மலக்குடலும் பெருமளவு தப்பிவிடுகின்றன. இடையில் பஞ்சுத்துணியைத் திணித்து அவற்றை இன்னும் சற்றுத் தள்ளி வைப்பது மருத்துவரின் கைவேலை. குழாயின் எந்தப் புள்ளியில் மூலம் எத்தனை நொடி நிற்க வேண்டும் என்று கணக்கிடுவது இயற்பியலாளரின் வேலை. அக்காவுக்கு வாரம் ஒரு முறையாக மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 8 கிரே (உடம்பு ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). முதல் முறை ஒன்பது நிமிடம் ஆனது. இரிடியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் வீரியம் பாதியாகக் குறையும் காலம், சுமார் 74 நாள் என்று அவர் சொன்னதும், பழைய பழக்கத்தில் மருந்துச் சீட்டின் பின்புறம் கணக்குப் போட்டு, பதினான்கு நாள் கழித்து மூன்றாம் முறைக்குப் பத்தேகால் நிமிடம் ஆகும் என்று காட்டினேன். "குழாய் வைக்கிற இடம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும் டீச்சர், அதனால அப்படியே வராது" என்று சிரித்தார். பத்து நிமிடம் ஐம்பது நொடி வந்தது. இந்தத் திருத்தத்திற்கும் சேர்த்து நன்றி, தம்பி.

கதிர்வீச்சோடு வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றினார்கள். பொது மருத்துவத்தில் எம்.டி., அதன் மேல் மூன்றாண்டு டி.எம். படித்த புற்றுநோய் மருந்தியல் மருத்துவர், சிறுநீரகம் கெடாமல் இருக்க எத்தனை பாட்டில் சலைன், எத்தனை லிட்டர் தண்ணீர் என்று அக்காவிடம் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்வார். பாடம் ஒப்பிப்பது போல அக்காவும் ஒப்பித்தார். அந்த மருந்து பிளாட்டினத்தால் ஆனது என்று சொன்னபோது, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் எங்கள் சம்பந்தி நம்பவே இல்லை. மிச்சிகனில் ரோசன்பெர்க் என்பவர் பாக்டீரியாக்களின் மீது மின்புலம் என்ன செய்கிறது என்று பார்க்கப் பிளாட்டின மின்முனைகளை வைத்தார். செல்கள் பிரியாமல் நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரம் அல்ல, கரைந்த பிளாட்டினம் என்று 1965-ல் எழுதினார். அவரும் இயற்பியல் படித்தவரே. (என் பெருமையை மன்னிக்கவும்.) கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இந்த மருந்தைக் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுப்பது 1999-க்குப் பிறகே வழக்கமாயிற்று.

சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் நாளில், புற்றுநோய்ச் செவிலியத்தில் ஓராண்டுப் பட்டயம் பெற்ற சிஸ்டர் ஒருவர் என்னை வெளியே அனுப்பிவிட்டு, அக்காவிடம் அரைமணி நேரம் தனியாகப் பேசினார். கதிர்வீச்சுக்குப் பிறகு பிறப்புறுப்புப் பாதை சுருங்கிப் போகும் என்பதையும், பின்னாளில் மருத்துவர்கள் உள்ளே பார்த்துச் சோதிப்பதற்காகவாவது அதை விரித்து வைக்கும் பயிற்சியை விடாமல் செய்ய வேண்டும் என்பதையும், அக்கா கூசாமல் கேட்கும்படி சொல்லிக்கொடுத்திருக்கிறார். அக்கா இதை என்னிடம் சொல்லவே இரண்டு மாதம் ஆயிற்று. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எந்தப் பெண்ணும் இன்னொரு பெண்ணிடம் வாய் திறந்து பேசாத விஷயம் அது.

அக்காவின் பேத்திக்குப் பன்னிரண்டு வயது. இந்த நோய்க்குப் பின்னால் பாப்பிலோமா வைரஸ் இருக்கிறது என்று 1983-ல் காட்டிய ஹரால்ட் சுர் ஹௌசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்த கதையை அவளுக்குச் சொல்லித்தான் தடுப்பூசிக்கு அழைத்துப் போனோம். கதையைவிட ஊசிக்குப் பிறகு வாங்கித் தருவதாகச் சொன்ன தட்டுவடை செட்டுதான் அவளை நடக்க வைத்தது.

தூக்குப்படுக்கை தள்ளிய அண்ணனுக்கும், காப்பீட்டு அட்டைக்கான தாள்களை மூன்று முறை நிரப்பிக் கொடுத்த சமூகப் பணியாளர் தங்கைக்கும், பிரிவு வாசலில் சர்க்கரை இல்லாத டீயை நினைவு வைத்துப் போட்டுத் தந்தவருக்கும் எங்கள் நன்றி உரியது.

தம் வீட்டு முற்றத்தில் காயவைத்து, தாமே வறுத்து அரைத்த காப்பித்தூளை ஒன்பது பொட்டலங்களாகக் கட்டி அக்கா கொடுத்தனுப்பினார். எட்டைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். சதைப் பரிசோதனை அறிக்கையில் கையெழுத்திட்ட மருத்துவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டதாக ஆய்வகத்தில் சொன்னார்கள். அவருடைய பொட்டலம் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. இந்த மடலைப் படித்தால், எந்த ஊர் என்று மட்டும் ஆய்வகத்திற்குச் சொல்லி அனுப்புங்கள் அம்மா, அல்லது ஐயா. அதுகூட எனக்குத் தெரியவில்லை.

நன்றியுடன்,
அக்காவின் சார்பில் தங்கை,
அம்மாப்பேட்டை, சேலம்.